அண்ணாமலையார் ஆள் எடுத்த கதை

அண்ணாமலையார் முதன்முதலாக நடத்திய செலக்‌ஷனுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் ஃபெயில்.

வந்தவர்கள் சாமானியர்கள் இல்லை, பிரம்மாவும் விஷ்ணுவும். யார் பெரியவர் என்று இருவருக்கும் தகராறு. நடுவில் நெருப்புத் தூணாக எழுந்து நின்ற நம்மவர், ஒருவர் அடியைப் பார்த்து வரட்டும், மற்றவர் முடியைப் பார்த்து வரட்டும் என்றார். விஷ்ணு பன்றியாகித் தோண்டினார், களைத்தார், ‘நம்மால் ஆகாது’ என்று கௌரவமாகத் திரும்பிவிட்டார். பிரம்மாதான் கெட்டிக்காரர். அன்னமாகப் பறந்தவர், வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டு வந்து, முடியைப் பார்த்தாயிற்று என்றார். வயதுச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு ஜூனியர் டீமுக்கு வருகிற பையன்களுக்கெல்லாம் இவர்தான் மூதாதை. தீர்ப்பு உடனே வந்தது: பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்குச் சிவபூஜை கிடையாது. (பிரம்மா எப்படியோ புஷ்கரத்தில் ஒன்று வாங்கிவிட்டார். அப்பீலில் ஏதோ நடந்திருக்கிறது.) அந்த நெருப்புத் தூண்தான் 2,668 அடி மலையாக ஆறிப்போய் நிற்கிறது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, விண்ணப்பம் போடுகிறவர்களை நம்புவதில்லை என்று முடிவெடுத்திருக்க வேண்டும். தாமே போய் ஆளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார். திருவெண்ணெய்நல்லூர் கிளையில் சுந்தரரை எடுத்த விதத்தைப் பாருங்கள். மாப்பிள்ளை மணப்பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். தடியூன்றிய கிழவர் ஒருவர் உள்ளே வந்து, ‘இவன் தாத்தா எனக்கு எழுதிக்கொடுத்த அடிமை’ என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது நகல், மூல ஓலை ஊரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார். உலகத்தின் எந்த கிளப் வக்கீலும் இன்றுவரை இதைத் தாண்டவில்லை.

அருணகிரிநாதர் உள்ளூர்ப் பையன். அவருடைய நடத்தைச் சான்றிதழில் ஒரு வரிகூடத் தேறாது. வாழ்க்கை வெறுத்துக் கோபுரத்திலிருந்து குதித்தவரை, முருகன் கீழே நின்று கேட்ச் பிடித்ததாக ஊர்க்கதை. அப்பாவின் டீமுக்குப் பையன் ஃபீல்டிங்.

ஆனால் நிஜமாகவே ஒரு கால்பந்து ஆட்டக்காரரை எடுத்தது 1896-ல்தான்.

பெயர் வெங்கடராமன். 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தவன். அப்பா சுந்தரமய்யர் வக்கீல் தொழில் பார்த்தவர். அவர் இறந்தபின் மதுரையில் சித்தப்பா சுப்பய்யர் வீட்டில் வாசம். ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. ஒரு ஸ்கவுட் ரிப்போர்ட் எழுதப் போயிருந்தால், முதல் பத்தியில் பேனா துள்ளியிருக்கும். நல்ல உடற்கட்டு. கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் எல்லாம் உண்டு. இவன் எந்தக் கட்சியில் சேர்கிறானோ அந்தக் கட்சிதான் ஜெயிக்கும், அதனால் கூட்டாளிகள் வைத்த பெயர் ‘தங்கக்கை’. காலால் ஆடுகிற ஆட்டத்தில் கைக்கு ஏன் பட்டம் என்று கேட்கக்கூடாது.

இரண்டாவது பத்தியில் பேனா தயங்கியிருக்கும். பையனுக்குத் தூக்கம் அதிகம். அதிகம் என்றால், விழித்திருக்கும்போது இவனிடம் வாலாட்டப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் ஆசைதீர அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்கப் போட்டுவிடுவார்களாம். மறுநாள் அவர்கள் சொன்னால்தான் இவனுக்குத் தெரியும். படிப்பில் அக்கறை சுமார். இங்கிலீஷ் இலக்கணம் வேம்பு. எந்த செலக்டரும் இந்த இடத்தில் ‘கவனச் சிதறல், பரிந்துரைக்க இயலாது’ என்று மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். செலக்டர் சாதியின் லட்சணம் அப்படி. அமெரிக்காவில் அவர்கள் ஊர்க் கால்பந்துக்குக் கல்லூரிப் பையன்களை நாற்பது கஜம் ஓடவிட்டு, எகிறவிட்டு, உள்ளங்கை வரைக்கும் அளந்து பார்க்கிறார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு அளப்பதில்லை. அப்படி அளந்தும் 2000-ல் டாம் பிரேடி என்பவரை 198 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள்; அவர் ஏழு சூப்பர் பவுல் வாங்கினார். நம் டெல்லி ஐபிஎல் அணி 2008-ல் சொந்த ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு, பந்து வீச ஆள் வேண்டும் என்று பிரதீப் சங்வானைப் பிடித்தது.

அண்ணாமலையார் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளவில்லை. 1895 நவம்பரில் மதுரைக்கு வந்த உறவினர் ஒருவரைப் பையன் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். ‘அருணாசலத்திலிருந்து’ என்றார் அவர், அதாவது திருவண்ணாமலையிலிருந்து. அவ்வளவுதான் ஸ்கவுட்டின் வேலை. தாம் ஸ்கவுட் என்பதே அவருக்குத் தெரியாது. அடுத்து வீட்டில் பெரியபுராணம் பையன் கையில் சிக்கியது. முன்னால் எடுக்கப்பட்ட அறுபத்து மூன்று பேரின் முழு விவரம், என்னென்ன இழந்தார்கள் என்ற பட்டியல் உட்பட. கம்பெனி விளம்பரப் புத்தகத்தில் இவ்வளவு நேர்மை கூடாது. பையன் அதைப் படித்துவிட்டு உருகிப்போனான்.

1896 ஜூலையில் மாடி அறையில் தனியாக இருந்தவனைத் திடீரென்று சாவு பயம் பிடித்தது. டாக்டருக்கு ஆள் அனுப்பாமல், செத்தால் என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று கைகாலை நீட்டி விறைப்பாகப் படுத்து, உடம்பு போனால் ‘நான்’ போகிறேனா என்று விசாரித்தான். எழுந்தபோது கால்பந்து முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு மைதானத்துக்குப் பதில் மீனாட்சியம்மன் கோயில்.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பெயின் எழுதிய இலக்கணப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதவேண்டும் என்று பள்ளியில் தண்டனை. இரண்டு எழுதியாயிற்று. மூன்றாவதில் நோட்டைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமிக்கு எரிச்சல். இப்படி இருக்கிறவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்று ஒரு வார்த்தை விட்டார். அண்ணன்மார்கள் தினமும் விடுகிற வார்த்தைதான். அன்றைக்கு மட்டும் அது ஆர்டராகப் போய்விட்டது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று பையன் எழுந்தான். ‘அப்படியானால் பெட்டியில் இருக்கிற ஐந்து ரூபாயை எடுத்துப் போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடு’ என்றார் அண்ணன்.

1892-ல் அமெரிக்காவில் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் என்ற ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு ஆட்டத்துக்காக ஒரு கிளப் 500 டாலர் கொடுத்தது. நான்கு வருஷம் கழித்து அண்ணாமலையார் செய்த ஒப்பந்தத்தின் மொத்தத் தொகை மூன்று ரூபாய். அதுவும் அண்ணன் பெட்டியிலிருந்து. பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குத் திண்டிவனம்தான் கிட்டத்து ஸ்டேஷன் என்று கணக்குப் போட்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்தான் பையன். அப்பாவை (அண்ணாமலையாரைத்தான்) தேடிப் போகிறேன், யாரும் வருந்தவேண்டாம், தேடிப் பணத்தைக் கரைக்கவும் வேண்டாம் என்பது சாரம். உன் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்று ஒரு பின்குறிப்பு. கையெழுத்துப் போடும் இடத்தில் வெறும் கோடு. கையெழுத்தே இல்லாத ஒப்பந்தம் ஐம்பத்து மூன்று வருஷம் செல்லுபடியானது சட்டக் கல்லூரியில் பாடமாக வைக்கத் தக்கது.

டிராவல் ஏற்பாடு மட்டும் மட்டம். டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. வண்டியில் வந்த ஒரு மௌல்விதான், விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று சொன்னார். பையனின் அட்லஸில் அந்தப் பாதையே இல்லை. மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைதான் பேசியது. அதற்கப்புறம் நடை. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு, காதிலிருந்த சிவப்புக்கல் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. நேரே கர்ப்பகிருகத்துக்குப் போய் வந்துவிட்டேன் என்று ஆஜர் கொடுத்தான். பிறகு தலையை மழித்து, மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும் பாகவதர் வீட்டுப் பட்சணத்தையும் ஐயங்குளத்தில் வீசி, வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்ட கோவணம்தான் கடைசிவரை ஜெர்ஸி.

ஊர் ரசிகர்கள் கல்லெறிந்து வரவேற்றார்கள். தப்பிக்கப் பாதாள லிங்கத்துக்குள் இறங்கினால், அங்கே பூச்சிகள் தொடையைத் தின்றன. சீனியர் ஆட்டக்காரர் சேஷாத்ரி சுவாமிகள்தான் பையன்களை விரட்டிக் காவல் நின்றார்.

1898-ல் பழைய டீம் திரும்பக் கேட்டு வந்தது. முதலில் சித்தப்பா நெல்லையப்பய்யர் வந்தார், அவரும் வக்கீல். மௌனத்திடம் எந்த வாதமும் எடுபடாமல் திரும்பினார். பிறகு தாயார் அழகம்மாள், நாகசாமியோடு பவழக்குன்றுக்கு வந்து நாள் கணக்கில் அழுதார். நடக்க இருப்பது நடக்கும், நடக்காதது என்ன செய்தாலும் நடக்காது, சும்மா இருப்பதே நல்லது என்ற பொருளில் ஒரு சீட்டில் பதில் எழுதப்பட்டது. அம்மாவிடம் இப்படி எழுதிக்காட்டி அடி வாங்காமல் தப்பிய பிள்ளை தமிழ்நாட்டில் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் அழகம்மாளைப் பார்த்து வைத்த அண்ணாமலையார் விடுவாரா? 1916-ல் அம்மாவே மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்கே வந்து சேர்ந்தார். மலைக்குகையில் இருந்த பிள்ளைக்கும் கூட இருந்தவர்களுக்கும் அதுவரை ஊர்ப் பிச்சைதான். அம்மா வந்தபின் அடுப்பு எரிந்தது. கடைசித் தம்பி நாகசுந்தரமும் பின்னாலேயே வந்து, காவி கட்டி, நிரஞ்சனானந்தர் ஆகி, அண்ணனைச் சுற்றி எழுந்த ஆசிரமத்தின் சர்வாதிகாரியாக உட்கார்ந்து நிர்வாகம் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டார். ஆட்டக்காரர், சமையற்கட்டு, மேனேஜர் எல்லாம் ஒரே வீட்டிலிருந்து. முதலீடு மூன்று ரூபாய். நாகசாமியின் காலேஜ் ஃபீஸ்.