மஞ்சள் முக்கோணச் சித்தப்பா

குடும்பத்துக்கு ஒரு லேப்டாப் சித்தப்பா உண்டு. சொந்தச் சித்தப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமாவாக இருக்கலாம், எதிர்வீட்டு அண்ணனாக இருக்கலாம், வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவராகவும் இருக்கலாம். கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் உட்காரும் முன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

“என்னம்மா, லேப்டாப் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சித்தப்பா.”

“நல்லா இருக்கா? டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தியா?”

பார்த்திருக்க மாட்டாள். ஊரில் யார்தான் பார்க்கிறார்கள்? படம் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது, காலேஜ் அசைன்மென்ட் போய்ச் சேர்கிறது. மற்றவர்களுக்கு அது போதும். சித்தப்பாவுக்குப் போதாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விண்டோஸ் பட்டனோடு எக்ஸைச் சேர்த்து அழுத்தி, பட்டியலில் வரிவரியாக இறங்குவார். ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்புக்கு அடியில் ‘அன்னோன் டிவைஸ்’ என்று ஒரு வரி, அதன் ஓரத்தில் எள்ளளவு மஞ்சள் முக்கோணம். அதைக் கண்டதும் அவர் முகத்தில் வரும் மலர்ச்சியைத் தன் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை என்பாள் சித்தி.

“கோட் 28! டிரைவரே இல்லைம்மா. இத்தனை நாள் எப்படி ஓட்டினே?”

ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடி என்று மூன்று படி உள்ளே போனால் ஒரு குறியீடு அகப்படும்: எஸ்எம்ஓ8800. சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவ் இறங்கும். அதற்குள் ‘டிரைவர் ஃபைனல்’, ‘டிரைவர் ஃபைனல் புதுசு’, ‘இதுதான் ஃபைனல்’ என்று ஃபோல்டர்கள் வரிசை கட்டி நிற்கும்.

“என்னது சித்தப்பா அது?”

“சென்சார்மா. லேப்டாப் கீழ விழுந்தா கண்டுபிடிச்சுடும்.”

“விழுந்தா நமக்கே தெரியாதா?”

பெண்ணின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் சித்தப்பா சொல்வதும் பொய்யில்லை. பழைய ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழலும். அதன்மேல் தொட்டும் தொடாமலும் ஒரு முனை படித்துக்கொண்டிருக்கும். லேப்டாப் கைதவறினால் முனை தட்டில் மோதிக் கீறிவிடும், அந்த இடத்தில் இருந்த தகவல் போச்சு. முக்கால் மீட்டர் உயர மேசையிலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 0.4 விநாடிதான். அதற்குள் விழுவதை உணர்ந்து முனையை ஒதுக்கி வைக்கத்தான் இந்தச் சென்சார். ஐபிஎம் தன் திங்க்பேடில் 2003இல் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். நல்ல யோசனைதான், சந்தேகமில்லை.

ஆனால் இந்தப் பெண்ணின் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி. அதில் தட்டும் கிடையாது, முனையும் கிடையாது. தூர்ந்துபோன கிணற்றின் கப்பிக்கு எண்ணெய் விடுகிற வேலை இது.

இது சித்தப்பாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கேட்டால், “தெரியும்மா, ஆனா மஞ்சள் நிக்குதே!” என்பார். அவருடைய கவலை லேப்டாப்பைப் பற்றியது அல்ல, பட்டியலைப் பற்றியது. பட்டியல் மாசுமறுவில்லாமல் இருந்துவிட்டால், திரை எரியாவிட்டாலும் அவருக்கு அன்று நிம்மதியான தூக்கம்.

எரியத்தான் செய்யாது, சில நாள். வந்த கையோடு மற்ற டிரைவர்களையும் புதுப்பித்துவிட்டுப் போவார். மறுநாள் காலை வைஃபை இருக்காது. போன் செய்தால், “மஞ்சள் போயிடுச்சா?” என்றுதான் முதலில் விசாரிப்பார்.

அண்ணன் மகனின் மடக்கு லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தது தனிக்கதை. திரை தலைகீழாக நின்றது. நேராக வைத்தால் தலைகீழ், கவிழ்த்துப் பிடித்தால் நேர். சென்சார் பழுது என்று தீர்ப்பாகிவிட்டது. உண்மையில் சென்சார் சமர்த்தாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மாடலிலும் அது போர்டில் வேறு வேறு திசை பார்த்து உட்கார்ந்திருக்கும். எது மேல், எது கீழ் என்று சிஸ்டத்துக்குச் சொல்ல 9 எண்கள் கொண்ட ஒரு கட்டம் வேண்டும். அந்த மாடலுக்கு அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பையன் ஒரு வாரம் லேப்டாப்பைக் கூடாரம்போல் கவிழ்த்து வைத்துக்கொண்டு வகுப்பு கேட்டான்.

அதே லினக்ஸில்தான் வெப்பம் பார்க்கும் ஆசையும் வந்தது. இன்டெல் சிப்புக்குள் இருக்கும் சென்சார், சூடு எவ்வளவு என்று நேராகச் சொல்வதில்லை. உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். பெரும்பாலும் 100 டிகிரியாக இருக்கும் அந்த வரம்பிலிருந்து கழித்து, டிரைவர் கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கையும் முழு டிகிரியில் எழுதாமல், டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைத்து எழுதுவது லினக்ஸின் வழக்கம். சித்தப்பா நேராக அந்த ஃபைலையே திறந்துவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவசரச் செய்தி வந்தது: “54000 டிகிரி! யாரும் லேப்டாப்பைத் தொட வேண்டாம்!”

பிளஸ் டூ படிக்கும் பொடியன் பதில் போட்டான்: “சித்தப்பா, சூரியனோட மேற்பரப்பே சுமார் 5500தான்.”

அதற்குப் பிறகு சில நாள் குழுவில் அவரிடமிருந்து குட்மார்னிங் படங்கள் மட்டுமே வந்தன.

ஆனாலும் அவரைக் கவிழ்த்தது அவருடைய சொந்த லேப்டாப்தான். டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரெனத் தூங்கிவிடும். தட்டி எழுப்பினால் எழும், நாலு வரி அடித்தால் மறுபடி தூங்கும். பவர் டிரைவரை மாற்றினார், பயாஸை மாற்றினார், கடைசியில் விண்டோஸையே மாற்றினார். டிவைஸ் மேனேஜரில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை; அதுதான் அவரை அதிகம் வாட்டியது. வேறு வழியில்லாமல் ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனார். அங்கே ஒரு கடையில், இருபது வயது இருக்கும், ஒரு பையன் லேப்டாப்பைத் தொடக்கூட இல்லை.

“சார், கொஞ்சம் டைப் பண்ணிக் காட்டுங்க.”

காட்டினார். தூங்கியது.

“கையில வாட்ச் புதுசா சார்? காந்த ஸ்ட்ராப்பா?”

மகள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. மூடியை மூடினால் லேப்டாப் தூங்குவது எப்படி? மூடியில் ஒரு சின்னக் காந்தம், அடிப்பாகத்தில் அதை உணரும் ஹால் சென்சார். இடது மணிக்கட்டு அந்த இடத்துக்கு வந்தபோதெல்லாம், மூடி மூடப்பட்டதாக லேப்டாப் நினைத்துக்கொண்டது. வாட்சைக் கழற்றினார், தூக்கம் போயிற்று. பையன் காசு வாங்கவில்லை.

“எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் சித்தப்பா படியிறங்கினார்.

எனவே வாசகர்களே, உங்கள் வீட்டுச் சித்தப்பா இந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால், சனிக்கிழமையே போட்டோக்களையும் முக்கிய ஃபைல்களையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். அந்த விழுகிற சென்சாருக்கு வேலையே இல்லையென்றால், அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘டிஸேபிள்’ கொடுங்கள். மஞ்சள் மறைந்து, கீழே பார்த்த ஓர் அம்பு வரும். அந்த அம்பு என்ன என்று அவர் கேட்டால், இலை போட்டாயிற்று என்று சொல்லிவிடுங்கள்.