வரவேண்டிய புயல் வந்து சேராதது தொடர்பாக

அனுப்புநர்:
மானாவாரி விவசாயி ஒருவன்,
கண்மாய்க்கரைத் தெரு,
திருச்சுழி வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு பேரிடர் மேலாண்மை அலுவலர் சமூகம்,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை – 5.

பொருள்: 04.12.2020 அன்று எங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட புயல் இன்றுவரை வந்து சேராதது – எங்கே நிற்கிறது என விசாரித்து அனுப்பிவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: அந்தப் புயலுக்காக விடப்பட்ட பொது விடுமுறை.

ஐயா,

2020-இல் நடந்ததற்கு இப்போது என்ன கடிதம் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். மனு என்பது ஊற வேண்டிய சாமான் என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்த டிசம்பரில் வந்த புயலுக்கு மாலத்தீவுக்காரர்கள் பெயர் வைத்தார்கள். பேப்பரில் ‘புரெவி’ என்று போட்டிருந்தது. எங்கள் காதில் ‘புரவி’ என்றே விழுந்தது. மழை வேண்டி அய்யனாருக்கு மண்குதிரை செய்து ஊர்வலமாகத் தூக்கிப்போகும் சீமை இது. அதற்குப் புரவி எடுப்பு என்றே பெயர். எங்கள் ஊரில் வரி தண்டி, குயவருக்கு முன்பணம் கொடுத்து நாங்கள் எடுக்க வேண்டிய புரவியை இந்தத் தடவை அரசாங்கமே எடுக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். 2-ஆம் தேதி ராத்திரி திருகோணமலையில் கரையேறி, மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் கடக்கும் என்றார்கள். விருதுநகரையும் சேர்த்து 6 மாவட்டங்களுக்கு 4-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பொது விடுமுறை விட்டார்கள். பள்ளிக்கூடங்கள் கொரோனாவுக்காக மார்ச்சிலிருந்தே மூடிக் கிடந்தன. பூட்டின் மேல் ஒரு பூட்டு, பரவாயில்லை.

நாங்களும் தயாரானோம். கண்மாய்க்கரையில் நண்டு வளைகளை அடைத்தோம். வரத்துக்காலில் கிடந்த பிளாஸ்டிக் குப்பையை அள்ளினோம். மடைப் பலகையைச் சரிபார்த்தோம். வந்தது ஊதக்காற்று. கூடவே கொஞ்சம் தூறல். புயல் ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் ஒரு நாளுக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து, அங்கேயே வலுவிழந்து கரைந்தது. சும்மா இருப்பதன் பெருமையை உலகத்துக்குச் சொன்ன ரமணர் பிறந்த ஊர் திருச்சுழி. பக்கத்தில் வந்ததும் புயலுக்கும் அந்த ஞானம் சித்தித்துவிட்டதோ என்னவோ. மழையோ கொள்ளிடத்தில் ஒரே நாளில் 36 சென்டிமீட்டர். சிதம்பரத்தில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. தில்லையில் ஆடுகிறவரும் திருச்சுழியில் திருமேனிநாதராக இருக்கிறவரும் ஒரே ஆள்தான் என்பதையும், முகவரி மாறிப் பட்டுவாடா நடந்திருக்க வாய்ப்புண்டு என்பதையும் உங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

பேரிடர் மேலாண்மை உங்களுக்கு வேண்டுமானால் புதுத் துறையாக இருக்கலாம். எங்கள் ஊர்ப் பெயரே அதுதான். முன்னொரு காலத்தில் உலகத்தை மூழ்கடிக்கப் பிரளய வெள்ளம் வந்ததாம். பாண்டிய ராஜா கும்பிட்டானாம். சிவன் சூலத்தால் தரையில் ஒரு குத்து குத்த, வெள்ளம் முழுக்கச் சுழித்துக்கொண்டு அந்த ஓட்டைக்குள் போய்விட்டதாம். அதனால் சுழி, திருச்சுழி. மழைநீர் வடிகால் திட்டம் டெண்டர் இல்லாமல், ஒரே நாளில், மதிப்பீட்டுத் தொகைக்குள் முடிந்தது. ஒரே குறை, அன்று உள்ளே போன தண்ணீர் இன்னும் வெளியே வரவில்லை. குண்டாற்றைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். மணல் இருந்த இடமும் தெரியாது, தண்ணீர் இருந்த இடமும் தெரியாது.

உங்களை ஒரேயடியாகக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தீர்கள். மிக்க நன்றி. அது பேரிடர் என்றே தெரியாமல் இத்தனை தலைமுறையாக அதற்குள் பருத்தியும் குதிரைவாலியும் விதைத்துக்கொண்டிருந்தோம்.

செல்போன் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 20-ஆம் தேதி ஒரு சோதனை ஒலி வந்தது. மடியில் இருந்த போன் திடீரென்று அலறியதில் டீக்கடை பெஞ்சே எழுந்து நின்றது. ஒரு பெரியவர் பேட்டரி வெடிக்கப் போகிறதென்று போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அந்த வருஷம் எங்கள் ஊரில் நீரில் மூழ்கியது அந்த ஒரு போன்தான்.

சோதனை முடிந்து இரண்டு மாதத்தில் பரீட்சையே வந்துவிட்டது. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்த மழைக்குப் பெயர் இல்லை. காற்று மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பெயர் சூட்டுவார்களாம். இது வெறும் வளிமண்டலச் சுழற்சி. அந்தப் பெயரில்லாத பிள்ளை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு தேறாது. எச்சரித்தோம் என்றது வானிலைத் துறை. தாமதமாகச் சொன்னீர்கள், இவ்வளவு என்று சொல்லவில்லை என்றது மாநில அரசு. அவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றது. செவ்வாய்க்கிழமைதான் மீட்பு முடிந்தது. அதுவரை அந்த ஜனங்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள். அவர்கள் வீட்டைச் சுற்றியும் வெள்ளம்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அறிக்கையில் இடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து, வெள்ளத்தில் கிடந்த தூத்துக்குடிக்குப் போகும் நாலுவழிச்சாலை எங்கள் அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகிறது. எனவே எங்களுக்கு வராத மழைக்கான நிவாரணம் எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சும்மா பார்க்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் புளிச்சோறு கட்டினார்கள். அது ரெண்டு நாள் தாங்கும் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லாத பேரிடர் அறிவு. இதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. அந்த நேரத்தில் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை அமைச்சர் அருப்புக்கோட்டைத் தொகுதியின் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன். நிதியமைச்சர் திருச்சுழித் தொகுதியின் தங்கம் தென்னரசு. பேரிடரும் எங்கள் பக்கம், நிதியும் எங்கள் பக்கம், நடுவில் ஒரு டவுன்பஸ் தூரம். மழை மட்டும் வேறு தொகுதி.

இனி எங்கள் சொந்தக் கதை. எந்த வருஷம், எந்த அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி வேலை பார்த்த அந்தப் பிள்ளை பாவம். அபூர்வமாக ஒரு ஐப்பசியில் அடைமழை பிடித்து, கண்மாய் நிறைந்து, கலுங்கில் மறுகால் பாய்ந்தது. கரிசல் மண் கரை கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பெருந்தண்ணீர் நின்றால் அந்த வெடிப்புக்குள் புகுந்து வழி தேடும். வெளிப்புறத்தில் தெளிவாகக் கசிந்தால் விடியும்வரை தாங்கும். கலங்கலாகக் கசிந்தால் உள்ளே மண் அறுக்கிறது என்று அர்த்தம். எங்கள் நீர்ப்பாய்ச்சி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கலங்கலா வருதுப்பா” என்றார். நான் போனை எடுத்தேன்.

“எங்கிருந்து பேசுறீங்க சார்?”

“கண்மாய்க்கரையிலிருந்தும்மா. கரை ஊறுது.”

“லேண்ட்மார்க் சொல்லுங்க சார்.”

“கண்மாய்தாம்மா லேண்ட்மார்க்.”

“பக்கத்துல ஏடிஎம், பெட்ரோல் பங்க் ஏதாச்சும்?”

“கருவேலங்காடு இருக்கு.”

“எந்தப் பக்கம் சார்?”

“எல்லாப் பக்கமும்.”

“கரை உடைஞ்சிருச்சா சார்?”

“இன்னும் உடையலை.”

“உடைஞ்சதும் கூப்பிடுங்க சார், பதிவு பண்ணிக்கிறேன்.”

அதற்குள் காளியம்மன் கோயில் மைக்செட்டை யாரோ போட்டுவிட்டார்கள். ‘எல்லாரும் மம்பட்டியோட கரைக்கு வாங்க’ என்று ஒரே வாக்கியம். ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை எல்லாம் இல்லை. முப்பது நாற்பது பேர் வந்தார்கள். உரச்சாக்கில் மண் அள்ளினோம். ஓட்டைக்கு முதலில் கொடுத்தது சீமைக்கருவேலங் கொப்புகளை, முள்ளோடு. ஹைகோர்ட்டே பிடுங்கியெறியச் சொன்ன மரம்தான் அன்றைக்கு முதல் ஆளாக இறங்கி நின்றது. அதன் மேல் சாக்கு. வரிசையில் எனக்கு அடுத்து நின்றவரும் அவருக்கு அடுத்தவரும் வரப்புத் தகராறில் 11 வருஷமாகப் பேசாதவர்கள். விடிய விடிய இவர் கையிலிருந்து அவர் கைக்குச் சாக்கு போனது. பேச்சு போகவில்லை. நாலு மணிக்கு வரக்காப்பி வந்தது. அதையும் அப்படியே பேசாமல் கைமாற்றிக்கொண்டார்கள். கசிவு தெளிந்தபோது சேவல் கூவியது.

காலையில் ஒரு அதிகாரி வந்தார். சாக்கு அடுக்கின இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். படிவத்தைப் பார்த்தார். உயிர்ச்சேதம், கால்நடைச் சேதம், வீட்டுச் சேதம், 33 சதவீதத்துக்கு மேல் பயிர்ச் சேதம். எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தப்பில்லை, இருந்ததைத்தான் எழுதினார். கரை உடைந்திருந்தால் நிவாரணம் வந்திருக்கும், வேட்டி சேலை வந்திருக்கும், பெரிய கார்கள் வந்திருக்கும். உடையாமல் காத்த கரைக்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

எனவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து அந்தப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் கூட்டிப் போட வேண்டுகிறோம். கட்டம் போட நிதி ஒதுக்கீடு இல்லையென்றால் வருஷத்துக்கு 500 காலி உரச்சாக்காவது அனுப்புங்கள். மறுபடி எங்களுக்குப் புயல் ஒதுக்கினால் விடுமுறையை முதலில் அனுப்பாமல் மழையை முதலில் அனுப்பி, ரசீது பெற்றுக்கொண்டு, பிறகு விடுமுறை விடவும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சி என்று அறிவித்தபோது எந்தப் போனும் அலறவில்லை. வராத மழைக்கு ஒரு நிறம் ஒதுக்குவது பற்றியும் பரிசீலிக்கலாம். பச்சை வேண்டாம். அது எங்கள் ஊரில் ஏற்கெனவே கருவேலத்துக்குக் கொடுத்தாயிற்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மானாவாரி விவசாயி

நகல்:
அய்யனார், மண்குதிரைகள் முன்னிலையில் வாசித்துக் காட்டப்பட்டது.
குண்டாறு, தண்ணீர் வரும்போது சேர்ப்பிக்கப்படும்.
வரப்புத் தகராறுக்காரர்கள் இருவர், தனித்தனியே.