படகேறு படலமும் இறங்கு படலமும்: தஞ்சோங் டாவாய்த் துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழன் கடல் கடந்தான் என்று எழுதாத நூல் இல்லை, முழங்காத மேடை இல்லை. கடப்பதற்கு முன் அவன் படகில் ஏறியிருக்க வேண்டும், கடந்தபின் இறங்கியிருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை மட்டும் அறிஞர்கள் கண்டுகொள்ளவே இல்லை. பல்கலைக்கழகங்களில் இதற்கு ஆய்வு இடைவெளி என்று பெயர். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் இடைவெளி சுமார் ஒரு முழம் அகலமுள்ளது. ஒரு பக்கம் ஜெட்டி, மறுபக்கம் படகு, கீழே கெடாவின் மெர்போக் ஆற்று முகத்துவாரத்தின் கலங்கல் தண்ணீர்.

முதலில் சான்றுகள். 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின்மேல், அதாவது இன்றைய கெடாவின்மேல், படை அனுப்பியதை அவன் மெய்க்கீர்த்தி விரிவாகவே சொல்கிறது. கலங்கள் பல போனது, கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்தது, வென்ற ஊர்களின் வரிசை, எல்லாம் உண்டு. பிடிபட்ட யானைகளைக் கலத்தில் ஏற்றினார்களா, ஏற்றினால் அவை எந்தக் காலை முதலில் வைத்தன என்பது பற்றி ஒரு சீர்கூட இல்லை. பட்டினப்பாலையைத் திருப்பினால், காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்த சரக்குகளில் காழகத்துச் சரக்கும் இருக்கிறது. காழகம் என்பது கடாரமே என்கிறார் நச்சினார்க்கினியர். சரக்கு பத்திரமாக இறங்கிவிட்டது. சரக்கோடு வந்தவர் இறங்கினாரா, விழுந்தாரா? உரையாசிரியரும் நழுவிவிடுகிறார்.

இன்னும் பின்னால் போனால் புத்தகுப்தன் என்ற மாநாவிகன் (பெரும் மாலுமி) நிற்கிறான். ஐந்தாம் நூற்றாண்டளவைச் சேர்ந்த அவன் கல்வெட்டை 1834-இல் செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்தார். பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. கடலிலேயே வாழ்ந்தவன் கல்லில் வெட்டி வேண்டிக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். பீடோங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பந்தாய் மெர்டேக்காவுக்குக் குளிக்கப் போகிறவரோ ஒரு கையில் நாசி லெமாக் பொட்டலம், இன்னொரு கையில் கைப்பேசியோடு படகுக்குள் காலை நீட்டுகிறார்.

கெடாவின் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது இரும்பு உருக்கிய இடங்களோடு செங்கல் கட்டுமானங்களும் கிடைத்தன. அவற்றில் சிலவற்றைப் பழைய படகுத்துறை என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். துறை இருந்தது என்றால் தவறி விழுந்தவரும் இருந்திருப்பார் என்பது என் துணிபு. ஒற்றைச் செருப்பு ஒன்று அகப்பட்டால் நிறுவிவிடலாம்.

இனி ஆய்வுக் களம். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வடகரை தஞ்சோங் டாவாய், தென்கரை பந்தாய் மெர்டேக்கா. படகில் சில நிமிஷம்தான். காரில் போவதென்றால் ஆற்றை வளைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்ற வேண்டும். தோட்டத்துச் சனங்களுக்கு அக்கரை குளிக்க, இக்கரை கருவாடும் நெத்திலியும் பெலாச்சானும் வாங்க. கோல கெட்டிலிலிருந்தும் பாடாங் செராயிலிருந்தும் வேன் பிடித்து வருகிறவர்கள், கடலைப் பார்த்ததும் சத்தம் போட்டுப் பேசுவார்கள். படகைப் பார்த்ததும் சத்தம் கொஞ்சம் குறையும்.

கோட்பாட்டு அடிப்படையை நியூட்டன் 1687-இலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். நாம் படகை உதைத்தால் படகு நம்மை உதைக்கும். கட்டாமல் விட்ட 120 கிலோ சம்பான் ஒன்றிலிருந்து 60 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஜெட்டியை நோக்கி எட்டினால், தண்ணீரின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சம்பான் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் பின்னால் போகும். எட்டினவர் அரை மீட்டரை அந்தரத்தில் தேடுவார். சும்மா நின்றாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு கால் ஜெட்டியிலும் ஒரு கால் படகிலுமாக நிற்கும்போது இரண்டு கால்களும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இடைவெளி விரிய விரியத் தள்ளலும் கூடும், தள்ளல் கூடக் கூட இடைவெளி இன்னும் விரியும். இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று பழமொழிக்காரர்கள் எச்சரித்தார்கள். ஒரு தோணியே போதும் என்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஆக, ஆளை விழுத்தாட்டுவது கடலல்ல, பாதி ஏறியபின் வரும் யோசனை. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். அந்த யோசனை எப்படி வருகிறது? யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவதால். "மாமா, தண்ணி போத்தல எடுத்தீங்களா?" மாமா திரும்புகிறார். வலது கால் படகின் விளிம்பில், இடது கால் பலகையில். போத்தல் வேனில் இருக்கிறதா, அத்தையின் பையில் இருக்கிறதா என்ற விவாதம் அந்த நிலையிலேயே நடக்கிறது. தெக்கோங் (படகோட்டி) "நாயெக், நாயெக்!" என்கிறார். மாமாவுக்கு மலாய் தெரியும், ஆனால் அத்தைக்குப் பதில் சொல்லி முடிக்காமல் ஏறுவது மரியாதை இல்லை. படகு மெல்ல விலகுகிறது. மாமாவின் வேட்டி அகலம் போதவில்லை.

பாட்டிமார் இப்படி விழுவதை நான் பார்த்ததில்லை. பால்மரக் காட்டில் வேலை பார்த்த பாட்டிகளுக்கு இதில் தனித் தேர்ச்சி. தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, கான் (வாய்க்கால்) மேல் போட்ட ஒற்றைப் பலகையில் விடியற்காலை மழை ஈரத்தில் நடந்தவர்கள் அவர்கள். பாதியில் நின்றால் பால் சிந்தும், சிந்தினால் கிராணியின் தராசில் தெரியும். அதனால் பலகையில் நின்று யோசிக்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. பாட்டி ஏறும் விதத்தைக் கிட்ட நின்று பாருங்கள். கையில் இருந்த பையை முதலில் தெக்கோங்கிடம் கொடுத்துவிடுகிறார். செருப்பைக் கழற்றிப் பேரனிடம் தள்ளுகிறார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகுகிறார். படகு அலையில் எழும்பி ஜெட்டிக்குச் சமமாக வரும்வரை காத்திருந்து, தெக்கோங்கின் மணிக்கட்டை இறுகப் பிடித்து (விரலைப் பிடித்தால் நழுவும்), விளிம்பில் மிதிக்காமல் நட்ட நடுவில் கால் வைத்து, வைத்த மறு கணம் குந்தி உட்கார்ந்துவிடுகிறார். எடை நடுவிலும் தாழ்விலும் இருந்தால் படகு சாயாது என்பதைப் பொறியியல் மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கப் படிக்கிறார்கள். பாட்டி வெற்றிலையை எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய முன்னோர் ரஜூலாக் கப்பலில் வந்தவர்களாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் நாகப்பட்டினத்தில் கரையோடு ஒட்டி நின்றதில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. படகில் போய், ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு ஏற வேண்டியிருந்தது. அங்கிருந்து பினாங்குக்கு வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் இந்தத் தேர்வில் முதல் முயற்சியில் தேறியவர்கள்.

லங்காவியும் கெடாதான் என்பதால் பாய்மரப் படகுகளையும் தொட்டுவிட வேண்டும். தெலாகா துறைமுகத்தில் நிற்கும் வெள்ளைக்காரர் படகுகளில் பிடிப்பதற்குக் கம்பிகள் இருக்கின்றன. பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பியைப் பிடித்து அதன் அருகே ஏற வேண்டும். ஓரத்து வேலிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் அது வளைந்து கொடுக்கும். மிதக்கும் ஜெட்டி என்பதால் தண்ணீர் ஏறினால் ஜெட்டியும் ஏறும். சொகுசானவர்களின் பிரச்சினை நமக்குச் சுவைப்படாது, போகட்டும்.

தஞ்சோங் டாவாய்க்கு மிதக்கும் ஜெட்டி என்ற அந்தச் சலுகை இல்லை. நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி மேலுக்கும் கீழுக்கும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். காலையில் வீட்டுப் படி இறங்குவதுபோல் இறங்கிய இடத்துக்கு மத்தியானம் திரும்பி வந்தால், ஜெட்டி தலைக்கு மேலே நிற்கிறது. தண்ணீர் வற்றியதும் வெளியே வரும் படிகள் பச்சையாக இருக்கும். பாசி படிந்த படியில் ரப்பர் செருப்பு நிற்காது. கறுப்பாக, சிப்பி ஒட்டிய படிகள் காலைக் கிழித்தாலும் வழுக்காது. இரத்தமா, இடுப்பா என்பதை அவரவர் தெரிவு செய்துகொள்ளலாம்.

இறங்கு படலத்தில் கூடுதல் சிக்கல் கருவாடு. அக்கரையிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் திரும்பும்போது நெத்திலி மூட்டையோடு போகிறார்கள். ஆளையும் மூட்டையையும் ஒன்றாக இறக்கவே கூடாது. கயிறு முன்னாலும் பின்னாலும் கட்டியாயிற்றா என்று பார்க்க வேண்டும், மூட்டையை முதலில் மேலே ஏற்ற வேண்டும், அடுத்துப் பிள்ளைகள், பிறகுதான் பெரியவர்கள், ஒவ்வொருவராக. படகு ஜெட்டியில் முட்டும்போது கையால் தடுக்கப் போகிறவர்கள் உண்டு. அதற்காகத்தான் அங்கே பழைய டயர் தொங்குகிறது. டயருக்கு விரல் கிடையாது. கரையைக் கண்டதும் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஏறவும் இறங்கவும்தான் அதற்கு அதிக வேலை.

எல்லாம் ஒழுங்காக நடந்து, மாமா ஒருவழியாக மேலே வந்து சேர்ந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இறங்கிய இடத்திலேயே அவர் நின்றுவிடுகிறார். இடுப்பில் கை வைத்து, பின்னால் வருகிறவர்களுக்கு எப்படி இறங்குவது என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்கிறார். இருக்கிற ஒரே பலகையில் அவருடைய இரண்டு கால்களும் இருப்பதால் அடுத்தவருக்குக் கால் வைக்க இடமில்லை. "அந்தக் கால் இல்ல தங்கச்சி, இந்தக் கால்!" என்கிறார். கீழே படகு விலக ஆரம்பிக்கிறது. தெக்கோங் "ஜாலான் டுலு, பாச்சிக், ஜாலான்!" என்று கத்துகிறார், பிறகு தமிழிலேயே "போ போ!" என்கிறார். மாமா போத்தல் எங்கே என்று அத்தையைக் கேட்கிறார்.