ஆலமரத்தைத் தைக்கிறவர்கள்

காசு சேர்க்கும் குணம் சிலருக்கும் கடன் சேர்க்கும் குணம் பலருக்கும் பிறவியிலேயே வாய்த்துவிடுவது போல, எனக்குத் துணுக்குச் செய்திகளைச் சேர்க்கும் குணம் வாய்த்துவிட்டது. எந்தப் பறவைக்குப் பின்னோக்கிப் பறக்கத் தெரியும், எந்த நகரம் இரண்டு கண்டங்களில் கால் வைத்துக்கொண்டு நிற்கிறது என்பன போன்ற, ஒரு நாளும் ஒருவரும் என்னிடம் கேட்டிராத விஷயங்களையெல்லாம் தலைக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக் காலட்சேபம் செய்து வருகிறேன். கட்டிங் மேசைக்கு அடியில் விழும் வேஸ்ட் துணிக்குக்கூடக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்க ஆள் வருகிறது. என் ஞானத்தை இனாமாகக் கொடுத்தாலும் எடுத்துப் போவாரில்லை.

அந்தக் குறை சென்ற ஆயுத பூஜையன்று தீரும்போல் இருந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் விநியோகித்து முடிந்த பிற்பாடு, ஆட்கள் கூடி நின்று தீபாவளி போனஸைப் பற்றிப் பிரஸ்தாபம் செய்ய ஆரம்பிப்பதற்குள் அவர்களுடைய கவனத்தை வேறு திசையில் திருப்பிவிட வேண்டும் என்கிற ராஜதந்திரத்தோடு முதலாளி என்னிடம் வந்தார். “ஏனுங்க, நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே, ஒரு பொது அறிவுப் போட்டி வெச்சுப்போடுங்க” என்றார். பரிசு ஓர் எவர்சில்வர் தூக்குப்போசி.

ஜவுளி ஊர் ஆயிற்றே என்று கேள்விகளை ஜவுளியிலிருந்தே எடுத்துக்கொண்டேன். காலிகோ என்ற பெயர் நம் கோழிக்கோட்டிலிருந்தும், மஸ்லின் மோசூல் நகரத்திலிருந்தும், டெனிம் பிரான்ஸ் தேசத்து நீம் நகரத்திலிருந்தும் வந்தவை என்பதை நானே கேட்டு, நானே சொல்லி, நானே தலையாட்டிக்கொண்டேன். பிறகு, பிரம்மாஸ்திரம் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்த கேள்வியை விடுத்தேன்: “பனியனுக்கும் ஆலமரத்துக்கும் என்ன சம்பந்தம்?”

சபை ஸ்தம்பித்தது. குஜராத்தி வியாபாரிக்கு வாணியா என்று பெயர். அவர் நம் வணிகனுக்கு ஒருவகையில் பங்காளி. அந்தப் பெயரைப் போர்த்துக்கீசியர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்ற, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பெற்று, பாரசீக வளைகுடாவின் கோம்ரூன் துறைமுகத்தருகே இந்த வியாபாரிகள் கூடிய ஆலமரத்துக்கு ‘வியாபாரிகள் மரம்’ என்ற பொருளில் அதையே சூட்டி, அதோடும் திருப்தியடையாமல், இந்தியப் பாணியில் தைத்து வீட்டில் உடுத்திக்கொண்ட தொளதொள அங்கிக்கும் அதே பெயரை இட்டார்கள். அந்த அங்கி நாளடைவில் தேய்ந்து, கையும் கழுத்தும் குறைந்து, நம் உள்சட்டையாக வந்து நின்றது. இவ்வளவையும் நான் மூச்சுவிடாமல் எடுத்துரைத்து முடித்து, கரகோஷத்தை எதிர்பார்த்து நின்ற அந்தப் புண்ணிய கணத்தில், பேக்கிங்கில் வேலை செய்யும் பையன் ஒருவன் மெய்யான ஜிக்ஞாசையோடு கேட்டான்:

“அப்ப ஜட்டி எந்த மரத்துலீங்க காய்க்கும்?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஓவர்லாக்கில் உட்காரும் பீகார்க்காரத் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. “பனியா எங்க ஊர்ல கடைக்காரர், அண்ணா. எங்க அப்பா பாக்கி இன்னும் இருக்கு” என்றான். வந்திருந்த அத்தனை பேரிலும் சொற்பிறப்பியலை நெஞ்சோடு உணர்ந்தவன் அவன் ஒருவனே.

அதன் பின்னர் போட்டி என் கையைவிட்டுப் போய்விட்டது. செக்கிங்கிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அண்ணா, 104-ன்னா என்னங்க?” என்று கேட்டாள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு அழைக்கும் எண் என்று கம்பீரமாகப் பதில் சொன்னேன். “இல்லீங்க, 104 சென்டிமீட்டர் உசரக் குழந்தை. ஐரோப்பா ஆர்டருக்கு 98, 104, 110-ன்னு ஆறு ஆறாத்தான் சைஸ் ஏறுமுங்க” என்றாள். அந்த எண்ணை இன்வாய்ஸில் ஆயிரம் தடவை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

நிட்டிங்கிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் என்மீது இரக்கம் கொண்டவர்போல மெதுவாகக் கேட்டார்: “ஒரு டீ-சர்ட்டுல நூல் எத்தனை தூரம் இருக்குமுங்க?” இருநூறு முந்நூறு மீட்டர் இருக்கலாம் என்றேன். அவர் சுண்டலை மென்றுகொண்டே, “ரெண்டு டீ-சர்ட்டைப் பிரிச்சு நூலை இழுத்தா அவிநாசிக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேருமுங்க” என்றார்.

நம்பவில்லை. அன்றிரவே பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். 840 கெஜச் சிட்டம் முப்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருந்தால் அது 30-ஆம் நம்பர் நூல். ஆக, ஒரு பவுண்டில் 25,200 கெஜம், அதாவது 23 கிலோமீட்டர். 150 கிராம் டீ-சர்ட்டுக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, இரண்டுக்குப் பதினைந்து. பெரியவரின் நூல் அவிநாசிக்குப் போய், தேரையும் தரிசித்திருக்கும். தூக்குப்போசி அவருக்குப் போனதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த மானபங்கத்தை மறைக்க, சாப்பாட்டின்போது இல்லாளிடம் வாணியா, கோம்ரூன், ஆலமரம் என்று பழைய கதையை மறுபடியும் ஆதியோடந்தமாக விஸ்தரித்தேன். அவள் ரசத்தை ஊற்றியபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு வாளியை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

“செரி, அந்த ஆலமரத்தைக் கழட்டிப் போடுங்க. நாளைக்கு எடுத்துத் தொவைக்கோணும்.”