சராசரியைப் பூட்டி ஏர் உழுவியா பேராண்டி?

வா பேராண்டி, இப்படி உட்காரு. ஆறு மாச விசாவுல வந்த கிழவன் சோபாவுல சாஞ்சு தூங்குறான்னுதானே நினைச்ச? நீ உன் சிநேகிதன்கிட்ட போன்ல கத்துனதெல்லாம் காதுல விழுந்துச்சு. உங்க அமெரிக்க ஃபுட்பால்ல பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுற காலேஜ் பயலுகள்ல, அதான் உங்க ரன்னிங் பேக்கு, எவன் ஒசத்தின்னு வழக்கு. "ஓட்டத்துக்குச் சராசரி ஏழு யார்டு!"ன்னு மேசையத் தட்டுன பாரு, சிரிப்பை அடக்க முடியல. இருமுற மாதிரி சமாளிச்சேன்.

நாப்பது வருஷம் மாட்டுத் தரகு பாத்தவன் நான். "இந்த மாடு சராசரியா அரை ஏக்கர் உழும்"னு எவனாவது சந்தையில அளந்தா, ரெண்டு கேள்வி கேப்பேன். எந்த மண்ணுல உழுதுச்சு? கூடப் பூட்டுன மாடு எது? பாதிப் பேரு அதுலயே துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடையக் கட்டிருவான்.

உன் சராசரியப் பாப்போம். ஒருத்தன் மூணு தடவை ஓடுறான். ஒண்ணு அறுபது யார்டு, மத்த ரெண்டும் பூச்சியம். சராசரி இருபது! இன்னொருத்தன் நாலு, அஞ்சு, நாலுன்னு போறான். உன் தாள்ல முதல் பயதான் ராசா. நாலு வாய்ப்புக்குள்ள பத்து யார்டு நகத்தணும்ங்கிறதுதானே உங்க ஆட்டத்துச் சட்டம்? ரெண்டு வாட்டி நின்ன எடத்துலயே நின்னவன நம்பி எவன் வண்டி கட்டுவான்?

அதுக்குத்தான் 'சக்சஸ் ரேட்'னு ஒண்ணு இருக்குன்னு நீயே அன்னைக்குச் சொன்ன. முதல் வாய்ப்புல தேவையில பாதி, ரெண்டாவதுல நூத்துக்கு எழுபது, மூணாவது நாலாவதுல முழுசு. அப்பத்தான் தேறுனதா கணக்கு. இது எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு யார்டு வேணும்கிற எடத்துல ஒரு யார்டு எடுத்தவன் பாஸு. மூணாவது வாய்ப்புல பதினஞ்சு வேணும்கிறப்போ பன்னெண்டு ஓடுனவன் பெயிலு. வட்டிக்காரன் வாசல்ல நிக்கிறப்போ முழுப்பணம் இருக்கான்னுதானே பாப்பான்!

'லைன் யார்ட்ஸ்' இன்னும் ருசி. நம்ம ஊர்ல வாரம் பிரிக்கிற மாதிரியே இருக்கு. முன்னால அஞ்சு பேரு மலை மாதிரி நின்னு வழி பண்ணிக் குடுக்குறானுகளே, முதல் நாலு யார்டுக்கு முழு வரவும் அவனுகளுக்கு. அஞ்சுல இருந்து பத்து வரைக்கும் பாதி. அதுக்கு மேல ஓடுனது பூராவும் ஓடுனவனுக்கு. ஓடுனவன் பின்னுக்குப் போனா, அந்த நட்டத்துல அஞ்சுல ஒரு பங்கு கூடுதலாவே சேத்து முன்வரிசை தலையில எழுதுறானுக. பாவம், குத்தகைக்காரன் பொழப்பு எங்க போனாலும் இதுதான் போல.

இப்ப உன் செல்லப்பிள்ளை ஆஷ்டன் ஜென்டிகிட்ட வருவோம். பாய்சி ஸ்டேட் பய. 2024-ல 14 ஆட்டம், 2,601 யார்டு. அதுல 1,900-க்கு மேல எதிராளி கை மேல பட்ட பிறகு இழுத்துக்கிட்டு ஓடுனதாமே! அந்த வருஷம் ரெண்டாவதா வந்தவன் ஓடுன மொத்தமே அவ்வளவு இல்லைன்னு நீ சொன்னப்போ நானும் வாயப் பொளந்தேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். கை பட்டுச்சா படலையான்னு எந்த மெசினு பாத்துச்சு? யாரோ ஒருத்தன் படத்தத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்து நோட்டுல எழுதுனதுதானே? நாங்க பல்லப் புடிச்சுப் பாத்தோம், சுழியப் பாத்தோம். அவன் வீடியோவப் பாக்குறான். அதுக்கு 'அட்வான்ஸ்டு'ன்னு பேரு வச்சுட்டீங்க.

பாய்சி எந்த மண்ணுல உழுதுச்சுங்கிறதும் இருக்கு. நோஞ்சான் எதிராளிகிட்ட ஓடுனத நான் பாதிக்குத்தான் எடுத்துக்குவேன். ஆனா வழக்கமான சீசன் பூராவும் தோக்காத ஓரெகனுக்கு எதிரா, செப்டம்பர்லயே, 192 யார்டு, மூணு டச்டவுன். அங்க தெரிஞ்சுபோச்சு இது அசல் சாதின்னு. அதே பய, சீசனுக்குப் பொறவு ஆடுற பவுல் ஆட்டத்துல, அதான் ஃபியஸ்டா பவுல்ல, பென் ஸ்டேட் முன்னால 30 தடவை ஓடி 104-தான். அதையும் தாள்ல எழுதணும் பேராண்டி. புடிக்கலேன்னு கிழிச்சு எறியக் கூடாது.

ஒரே சீசன்ல அதிகமா ஓடுன பாரி சாண்டர்ஸ் சாதனைக்கு ஜென்டிக்கு 27 யார்டு குறைஞ்சுபோச்சேன்னு மூக்கைச் சிந்துனியே, அங்கதான் உன்னைக் கையும் களவுமாப் புடிச்சேன். அந்த ஆளு 1988-ல 2,628 ஓடுனது வெறும் 11 ஆட்டத்துல. பன்னெண்டாவதா ஹாலிடே பவுல்ல 222 யார்டு ஓடுனாரு. அத அப்ப கணக்குலயே சேக்கல. பவுல் ஆட்டத்தச் சேக்க ஆரம்பிச்சது 2002-ல. தீவாளி அன்னைக்குக் கறந்த பாலைக் கணக்குல எழுதாத பால்காரன் மாதிரி! நீ கூட்டிக் கழிச்சுப் பாரு, ஆட்டத்துக்கு 239 எங்க, 186 எங்க?

இன்னொண்ணு. சாண்டர்ஸ் ஆடுன ஓக்லஹோமா ஸ்டேட்டுல, அதுக்கு முந்தி ரெண்டு வருஷம் அந்தக் காளையத் தொழுவத்துலதான் கட்டி வச்சிருந்தானுக. முன்னால தர்மன் தாமஸ்னு இன்னொரு சூரன் நின்னான். இவரு உதைச்ச பந்தைப் புடிச்சுத் திருப்பி ஓடுற வேலை பாத்துக்கிட்டுக் காத்துக் கிடந்தாரு. அப்ப உன்னைய மாதிரி ஒருத்தன் தாளை நீட்டி, "ஓட்டம் கம்மி, ஆளு தேற மாட்டான்"னு சொல்லியிருப்பான்.

முறைக்காத. தாளைக் கிழிக்கச் சொல்லல, அதோட மண்ணையும் ஜோடி மாட்டையும் சேத்துப் படிக்கத்தான் சொல்றேன். சரி, அந்த ஓரெகன் ஆட்டத்த மறுபடி ஒருதரம் போடு. சத்தத்தக் குறைச்சுக்க, வர்ணனை பண்றவன் பேசுறது எனக்கு வெளங்கல. அப்படியே என் கண்ணாடியத் தேடிக் குடு.