சந்தேகப் பேர்வழி

அமெரிக்காவில் புது வீடு கட்டுகிறவர்கள், பெரும்பாலான மாநிலங்களில், ஒரு சந்தேகப் பேர்வழியைக் குடிவைத்தாக வேண்டும். பெயர் ஆர்க் ஃபால்ட் பிரேக்கர். 1999இன் தேசிய மின்விதித் தொகுப்பு, 2002 ஜனவரி முதல் இவரைப் படுக்கையறைக்கு நியமித்தது. 2008இல் கூடம், 2014இல் சமையலறை என்று பதவி உயர்வு.

வேலை நல்ல வேலைதான். நசுங்கிய வயரிலும் தளர்ந்த திருகிலும் எழும் பொறி சாதாரண பிரேக்கருக்குத் தெரியாது. மின்னோட்டம் அளவு மீறினால்தான் அதற்கு உறைக்கும். இவரோ உள்ளே ஒரு சில்லை வைத்துக்கொண்டு மின்னலையின் நெளிவைப் படிக்கிறார்; பொறியின் சாயல் தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிறார். ஆனால் வாக்குவம் கிளீனர் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும்போதும் பொறி பறக்கும்; அது அந்த மோட்டாரின் பிறவிக் குணம். இவருக்குச் சில சமயம் அதுவும் தீவைப்புச் சதி. தரையைச் சுத்தம் செய்யப்போனால் அறையே இருட்டு. டிரெட்மில்லில் ஓடுகிறவருக்குக் கட்டாய ஓய்வு. (சோம்பேறிகளுக்காக அரசு விதித்த ஒரே பாதுகாப்புக் கருவி இதுதான் போலும்.)

எலக்ட்ரீஷியன் வருவார், பார்ப்பார், வயரிங்கில் குறையில்லை என்பார். பில்லிலும் குறையிருக்காது. பொறுமையிழந்தவர்கள் இவரைக் கழற்றிவிட்டுப் பழைய ரகத்தை மாட்டுகிறார்கள். அப்புறம் வீடு அமைதி. நிஜப் பொறி வந்தாலும் அதே அமைதி.

கழற்றும் முன் எல்லாச் சாதனங்களையும் உருவிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதையும் செருகாமலே பிரேக்கர் விழுகிறதென்றால், இந்தத் தடவை அவர் சந்தேகம் நியாயமாகவும் இருக்கலாம்.