கலர் கார்டு மாப்ளைக்கு

ஆக மாப்ள, கலர் முடிவாகிருச்சு. கூடத்துக்குப் பாதாம் நிறம், படுக்கிற ரூமுக்கு ஏதோ கடல் பேரு வச்ச நீலம். இருபது லிட்டர் டப்பா ரெண்டு திண்ணையில வந்து உக்காந்தாச்சு. மார்கழியும் பொறந்தாச்சு, பொங்கலுக்குள்ள முடிச்சிரணும். பிரமாதம். கடைக்காரன்கிட்ட கேட்ட, பெயிண்டர்கிட்ட கேட்ட, உன் மச்சினன்கிட்டகூடக் கேட்ட. சுவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கலையே அய்யா.

அந்தக் கூடத்துச் சுவரை உள்ளங்கையால ஒரு தடவு தடவிப் பாரு. கையெல்லாம் வெள்ளையா மாவு ஒட்டுதா? அது உங்க தாத்தா வருசா வருசம் அடிச்ச சுண்ணாம்பு. அது மேல உங்கப்பா உத்தியோக மிதப்புல ஒரு டிஸ்டம்பர் அடிச்சாரு. இப்ப அதுக்கு மேல நீ எமல்ஷன் அடிக்கப் போற. எமல்ஷன் கெட்டியாப் பிடிக்கும், நான் இல்லைங்கல. ஆனா அது பிடிக்கிறது மாவையில்ல? மாவு சுவரைப் பிடிக்கலையே! அடிச்சுக் காஞ்சு இறுகுறப்ப மாவையும் சேத்து இழுத்துக்கிட்டுச் செதில் செதிலா வந்துரும். நம்பலைன்னா செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குனு இழு. டேப்போட என்ன வருதோ, அதெல்லாம் உன் பெயிண்ட்டோடயும் வரும்.

"நம்ம பெரியவுக பொங்கலுக்குத்தான மாமா வெள்ளையடிச்சாக?"ன்னு மடக்குவ. வாஸ்தவந்தான். அவுக அடிச்சது சுண்ணாம்பு மாப்ள. ஐப்பசி கார்த்திகை மழையைக் குடிச்ச சுவர் கொஞ்சம் ஈரமா இருந்தாலும் சுண்ணாம்பு கோவிச்சுக்காது. ஈரம் இருந்தாத்தான் காத்துல உள்ள கரியமிலவாயுவை மெல்ல இழுத்து, மறுபடி கல்லா இறுகும். சுவத்துக்குள்ள மிச்சமிருக்கிற ஈரமும் அது வழியாவே வெளியேறிரும். எமல்ஷன் பிளாஸ்டிக் வகையறா. பெருசா வழி விடாது. உள்ள மாட்டுன தண்ணி கொப்புளங் கொப்புளமாக் கிளம்பும். நாளு மட்டும் தாத்தா நாளு, டப்பா புது டப்பா!

கொல்லைப்பக்கச் சுவரை மறந்துட்டேனே. முழங்கால் உசரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்துக் கிடக்கு. பட்டி பாத்துட்டா மறைஞ்சிரும்னு உனக்கு யாரோ ஓதியிருக்கான். மறையும், தை முழுக்க மறைஞ்சே இருக்கும். தண்ணி அடியில இருந்து செங்கலுக்குள்ள ஏறி, மேல வந்து காயுது. கொண்டுவந்த உப்பை அங்கேயே வச்சிட்டுப் போகுது. அந்த உப்பைக் காஞ்ச பிரஷால தேச்சுத் தள்ளு. தண்ணி ஊத்திக் கழுவுனா, கரைஞ்சு திரும்ப உள்ள போயிரும். அதுக்கும் முன்னால, குளிக்கிற தண்ணி சுவரோரம் தேங்குதே, அதுக்கு ஒரு வாய்க்கா வெட்டி விடு. அப்புறம் ஒரு அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப்பால ஒட்டி, ஒரு நாள் பூரா விட்டுப் பாரு. தாளோட உள்பக்கம் வேர்த்திருந்தா டப்பாவைத் திறக்காத.

அடுப்படியைச் சோப்புத் தண்ணியால எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவு. இல்லைன்னா குளிக்காம பவுடர் அப்பிக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போன கதைதான். பூஞ்சை பிடிச்ச இடத்துல பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி, ஊற விட்டுக் கழுவு.

கதவுல இருக்கிற பழைய எனாமலைச் சுரண்டுறப்ப மட்டும் விளையாட்டு வேண்டாம். அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்கும். பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல ஈயம் கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். தண்ணியைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்கச் சொல்லு, தூசி பறக்காது. பிள்ளைகளை உங்க அத்தை வீட்டுக்கு அனுப்பி வை.

பட்டி விசயம் பெருசா இல்லை. மெலிசா ரெண்டு கோட்டு. சிமெண்டுப் பட்டின்னா கரைச்ச ரெண்டு மூணு மணி நேரத்துல தீத்துரணும். இறுகுனதுல தண்ணி ஊத்திக் குழைச்சா, பழையபடி மாவுதான். காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பல்பைச் சுவரோரமாச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாரு, மேடு பள்ளமெல்லாம் காட்டிக் கொடுத்துரும். தூசியைத் துடைச்சிட்டுப் பிரைமர். அப்புறந்தான் உன் பாதாம்.

பெயிண்டர் தம்பியையும் திட்டாத. சதுர அடிக்கு இவ்வளவுதான்னு அவனை முறிச்சுப் பேசுனது நீ. அவன் எங்க மிச்சம் பிடிப்பான்? பெயிண்ட்ல பிடிச்சா நீ கண்டுபிடிச்சிருவ. சுரண்டுறதுல பிடிச்சா அடுத்த மழைதான் கண்டுபிடிக்கும்.

அதனால சுரண்டக் கூலி தனி, அடிக்கக் கூலி தனின்னு பேசு. இந்த மாசம் சுரண்டிப் போடு. தை முழுக்கச் சன்னலைத் திறந்து வச்சுக் காய விடு. மாசிக் கடைசியில பட்டி, பங்குனியில கலர். பொங்கலுக்கு வர்ற சம்பந்தி வெறுஞ்சுவரைப் பாத்து முகஞ்சுளிச்சா, மாமன்தான் சொன்னாருன்னு பழியை என் தலையில போட்டுக்க.